முதல்ல அறிமுகம், அப்புறம்தான் கேள்வி

நாங்க அந்தக் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தப்ப மத்தியானம் மூணு மணி. நானும் என் மச்சானும், அதாவது என் சம்சாரத்தோட தம்பியும். ரெண்டு பேருமே லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாடி, பழைய ஆபீஸ் கட்டடம். உள்ள நுழைஞ்சதுமே ஈரச்சுவர் வாடையும் பழைய கிரீஸ் வாடையும் மூக்குல ஏறிச்சு. லிஃப்ட் வாசல்ல பெருக்கிட்டிருந்த அம்மா எங்க டூல் பையைப் பார்த்துட்டு துடைப்பத்தைக் கீழ வெச்சாங்க.

"மறுபடியும் லிஃப்டுக்கு அடியில இருக்கற குழிக்குள்ள ஆளு இறங்கணுமா?"

"ஆமாம்மா. ஏன்?"

"போன வருஷம் ஒருத்தரு இறங்கினாரு. வேலைக்குப் புதுசு. லிஃப்ட் அவரு மேலயே வந்து உக்காந்துடுச்சு."

எந்த மாசம், என்ன தேதின்னு கேட்டேன். சொன்னாங்க.

அந்தத் தேதி எனக்கு மனப்பாடம்.

விஷயத்தைச் சொல்லிடறேன். எங்க தொழில் ஆளுங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்கு, 'லிஃப்ட் மெக்கானிக் மன்றம்'. ஆரம்பிச்சவன் நான், அட்மினும் நான். அந்தக் காலத்துல புதுசா ஒருத்தர் வந்தா வணக்கம் சொல்வாரு, பழைய பதிவையெல்லாம் படிச்சிட்டு ஒரு கேள்வி கேப்பாரு. இப்ப வர்றதுங்களுக்கு மட்டு மரியாதை ஒண்ணும் கிடையாது. ஒயரைப் போட்டோ எடுத்து வீசிட்டு "என்ன ஃபால்ட்?"னு கேக்கறான். இன்னொருத்தன் வண்டி ஓட்டிக்கிட்டே நாலு நிமிஷம் வாய்ஸ் அனுப்பறான். பதில் சொன்னா ஒரு கட்டைவிரல், அதோட சரி. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதுக்குத்தான் மூணாவது விதின்னு ஒண்ணு போட்டேன். முதல்ல அறிமுகம்: பேரு, அனுபவம், இருக்கற இடம், சேர்த்துவிட்டவர். அதைச் சொல்லாதவனுக்கு யாரும் பதில் சொல்லக்கூடாது. மீறிச் சொன்னா சொன்னவனையும் தூக்கிடுவேன்.

போன வருஷம் அந்தத் தேதியில ஒருத்தன் வந்தான். முகப்புப் படம் இல்லாத சாம்பல் வட்டம். வணக்கம்கூடச் சொல்லாம கேட்டான்.

"சார், ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டுக் குழியில நிக்கறேன். ஆனாலும் லிஃப்ட் அசையற மாதிரி இருக்கு. பட்டனை நம்பலாமா?"

கூடவே பட்டனோட போட்டோ. எனக்கு அந்த மாடல் அத்துப்படி. எவனாவது சோம்பேறி பின்னாடி ஒயரை நேரா இணைச்சு விட்டிருப்பான், பட்டன் சும்மா பேருக்கு இருக்கும். பதிலை டைப்பே பண்ணிட்டேன். அப்புறம் வீம்பு வந்துச்சு. அழிச்சிட்டு "மூணாவது விதியைப் படிச்சீங்களா?"ன்னு போட்டேன். நம்ம ஆளுங்க சிரிக்கற ஸ்டிக்கரா அடுக்கினாங்க.

"சார், அவசரம்."

"அவசரம்னா விதியைச் சீக்கிரம் படிங்க."

அதுக்கப்புறம் அவன்கிட்டயிருந்து ஒண்ணும் வரல. மறுநாள் எங்க தொழில்ல ஒருத்தர் குழியில செத்துட்டாருன்னு கேள்விப்பட்டேன். அந்தப் பேச்சையெல்லாம் அழிச்சு, ஆளையும் குரூப்லேருந்து தூக்கிட்டேன். என் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொன்னேன். அவ, "ஒரு வரிதானேங்க"ன்னா.

அன்னைக்கிலேருந்து புதுசா யார் சேர்ந்தாலும் அடுத்த நிமிஷம் அந்தச் சாம்பல் வட்டம் வரும். அதே கேள்வி, அதே போட்டோ. நான் தூக்குவேன், மறுபடி வரும். மத்தவங்களைக் கேட்டா, "எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே அட்மின் சார், கண்ணாடியை மாத்துங்க"ன்னு நக்கல். இளவட்டங்க சேர்ந்து என்னைச் சீண்டறாங்கன்னே நினைச்சேன்.

"நான் மேல போய் மெயின் சுவிட்சை அணைச்சிட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் குழியில கால் வைக்காத"ன்னு மச்சான்கிட்டச் சொல்லிட்டு எட்டு மாடி ஏறினேன். மோட்டார் ரூம்ல ஜன்னல் கிடையாது. சூடான இரும்பு வாடை. ஃபோன் பேச சிக்னல் இல்ல. ஆனா மன்றத்து மெசேஜ் மட்டும் டிங் டிங்குன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. எவனோ புதுசு, வந்ததும் வராததுமா ஆட்டுக்குட்டி ஆடற ஸ்டிக்கர் போட்டிருந்தான். எனக்கு மூக்குக்கு மேல கோபம். மெயினை அணைக்க வந்தவன் அங்கயே ஸ்டூல்ல உக்காந்து அவனைக் கிழிக்க ஆரம்பிச்சேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். பத்தாகவும் இருக்கலாம்.

சாம்பல் வட்டம் வந்துச்சு.

"சார், ஸ்டாப் பட்டனை அமுக்கிட்டுக் குழியில நிக்கறேன்."

தூக்கறதுக்கு விரலைக் கொண்டு போனேன். அடுத்த வரி வந்துச்சு.

"அத்தான்னு கூப்பிட்டா பதில் சொல்வீங்களா சார்?"

என்னை அத்தான்னு கூப்பிடறவன் உலகத்துல ஒரே ஒருத்தன்தான்.

எனக்குப் பின்னாடி மோட்டார் சுத்த ஆரம்பிச்சுது.

கயிறு ஓடுது. லிஃப்ட் கீழ போகுது. எத்தனையாவது மாடின்னு தெரியல. பாய்ஞ்சு போய் மெயின் கைப்பிடியை ரெண்டு கையாலயும் இழுத்தேன். அசையல. அந்தப் பக்கம் யாரோ பிடிச்சிட்டிருக்கற மாதிரி கெட்டியா இருந்துச்சு.

"சொல்றேன்டா! சொல்லிடறேன்!"னு கத்தினேன்.

கைப்பிடி சுலபமா இறங்கிச்சு. மோட்டார் நின்னுடுச்சு.

மச்சானுக்கு ஃபோன் போட்டேன், போகல. அவனும் அந்த மன்றத்துல ஓரமா இருக்கறவன்தான். அதுலயே டைப் பண்ணினேன். "பட்டனை நம்பாதே. பின்னாடி ஒயரை இணைச்சிருப்பாங்க. மேல மெயினை அணைச்சாத்தான் நிக்கும். உடனே வெளிய ஏறு." அனுப்பிட்டு எட்டு மாடியும் உருண்டு புரண்டு ஓடினேன்.

மச்சான் குழித் தரையில மல்லாந்து படுத்திருந்தான். அவன் மூஞ்சிக்கு ஒரு சாண் மேல லிஃப்டோட அடிப்பாகம். நானும் அந்தப் பெருக்கற அம்மாவும் இடுக்கு வழியா இழுத்து வெளிய போட்டோம். ஒரு கீறல்கூட இல்ல. நான் அவனைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன்.

"பத்து நிமிஷம் ஆயிடுச்சே, அணைச்சிருப்பீங்கன்னுதான் இறங்கினேன் அத்தான். பட்டனையும் அமுக்கினேன்." அவனுக்குப் பல்லு தந்தியடிச்சுது. "நல்லவேளை, இன்னொருத்தரு கையைப் பிடிச்சுக் கீழ படுக்க வெச்சாரு. இல்லேன்னா..."

"யாரு?"

"நீங்க வரச்சொன்ன ஆளுன்னு நினைச்சேன். முதல்லேருந்து உள்ளதான் நின்னுட்டிருந்தாரு."

டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குழியில யாரும் இல்ல.

மச்சானோட ஃபோன் வெளிய டூல் பை மேலயே கிடந்துச்சு. அதை எடுத்து மன்றத்தைப் பார்த்தவன் புருவத்தைச் சுருக்கினான். "யாருக்கு அத்தான் இந்தப் பதில்? யாருமே கேக்கலையே?"

என் ஃபோன் அதிர்ந்துச்சு. சாம்பல் வட்டம்.

"வணக்கம் சார். அறிமுகம். பேரு: உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அனுபவம்: பதினோரு நாள். இருக்கற இடம்: குழி. சேர்த்துவிட்டவர்: நீங்க."

அன்னைக்கே மன்றத்தை விட்டு வெளிய வந்துட்டேன். அட்மின் வேலையை எவனோ எடுத்துக்கிட்டான். அந்த ஃபோனை அணைச்சு, சிம்மைக் கழட்டி, பீரோவுல வெச்சுப் பூட்டினேன். நேத்து துணி எடுக்கத் திறந்தப்ப உள்ள வெளிச்சம் தெரிஞ்சுது. என் சம்சாரம்தான் எடுத்துப் பார்த்தா. பார்த்துட்டு என் கையில குடுத்தா.

"விதி முடிஞ்சுது சார். இப்பக் கேள்வி. அன்னைக்கு ரொம்ப நேரம் 'அட்மின் டைப் செய்கிறார்'னு காட்டிச்சு. அதைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். என்ன எழுதினீங்க?"

நான் எதையும் தொடல. ஆனா அதுக்குக் கீழ இப்பவும் காட்டுது.

அட்மின் டைப் செய்கிறார்.