கயிற்றின் மறுமுனை

மார்கழி, வன்னியில் ஒலிகளை அடக்கிக்கொண்டு வருகிற மாதம். மாரியில் நிறைந்த குளங்கள் விடியுமுன் வெண்பனியை மூச்சாக விட, அது வயல்களைத் தழுவி, வரம்புகளை மறைத்து, மரங்களின் அடியை மட்டும் உலகுக்கு மிச்சம் வைத்து, மேற்பாதியை வானோடு சேர்த்துக்கொள்ளும். நெடுங்கேணிக்கு அப்பால், குளக்கட்டிலே பிள்ளையார் கோயிலின்மேல் சாய்ந்து நின்ற பட்ட மருதும் அன்று பாதி மரமாகவே தெரிந்தது.

தெரியாத பாதியில் ஜனார்த்தனன் இருந்தான். கீழே, அவன் கயிற்றைப் பிடித்தபடி மனைவி கஜேந்தினி.

பட்ட மரத்தை நம்பி உயிரைக் கட்டக்கூடாது என்பது, மரமேறி வெட்டும் அவர்கள் தொழிலின் முதல் விதி. ஆகவே அவன் இடைப்பட்டியிலிருந்து புறப்பட்ட கயிறு, பக்கத்தில் உயிரோடு நின்ற புளியின் கவட்டில் ஏறியிறங்கி, அதன் அடியை ஒரு சுற்றுச் சுற்றி அவள் கைக்கு வந்தது. இயந்திர வாள் இரையும்போது குரல் கேளாது; ஒருமுறை இழுத்தால் இறுக்கிப் பிடி, இருமுறை இழுத்தால் இளக்கு. பனியில் ஏறுவதில்லை என்பதும் விதிதான். விடியற்பூசைக்கு ஆட்கள் வருமுன் கோயிலுக்கு மேலே தொங்கும் கொப்பை இறக்கவேண்டுமென்று இன்று அதை மீறியிருந்தார்கள்.

"இந்தப் பட்டி உன்னைவிட இறுக்கமாப் பிடிக்குது," என்று ஏறுமுன் தலைக்கவசத்தின் வாரைப் பூட்டியபடி சிரித்திருந்தான்.

"பட்டிக்கு உங்கட வாய் தெரியாது," என்றாள் அவள்.

வாள் நின்றது. பின்வந்த அமைதியில் பனி இலைகளிலிருந்து சொட்டுவது கேட்டது. ஈரமண் வாசனைக்குள் உளுத்த மரத்தின் புளித்த நெடியொன்று மெல்லப் புகுந்தது. கயிறு அசையவில்லை. இளக்கும்படி அவன் கேட்கவில்லை.

"கஜே."

திரும்பினாள். அவளுக்குப் பின்னால் ஜனார்த்தனன் நின்றான். ஏறும்போது போட்டிருந்த அதே நீலச் சட்டை. தாடையில் பூட்டிய வார். கவசத்தின் நிழலுக்குள் முகம்.

"இறங்கீட்டன். கயித்தை விடு."

ஆறுதலில் நெஞ்சு தளர்ந்தது. விரல்களும் தளரத் தொடங்கின. அப்போது கயிறு ஒருமுறை இழுபட்டது.

இறுக்கிப் பிடி.

அவன் இடுப்பைப் பார்த்தாள். பட்டி இல்லை. குளக்கட்டு முழுதும் சேறு. அவன் வெறுங்கால்களில் ஈரமே இல்லை.

மேலே கொப்பு முறிந்தது. ஓர் ஆளின் பாரம் முழுவதும் கயிற்றில் விழுந்தது. தோல் கையுறையையும் மீறி உள்ளங்கை எரிந்தது. பிடித்தாள்.

"விடு."

குளிர்ந்த கையொன்று அவள் கைமேல் படிந்தது. சின்னவிரலை விலக்கியது. அடுத்த விரலையும்.

அவள் மறுபடி திரும்பவில்லை. தலையைத் தாழ்த்தி, நெற்றித் திருநீற்றைக் கயிற்றில் ஒற்றினாள். கண்மூடிப் பிள்ளையாரை நினைத்தாள். பிறகு பனியை அண்ணாந்து, இத்தனை வருடத்தில் அவனுக்கு ஒருநாளும் சொல்லாததைச் சொன்னாள்.

"நீங்கள் நெடுநாள் இருக்கோணும்."

"இருப்பன், கஜே," என்றது மேலிருந்து அவன் குரல்.

"இருப்பன், கஜே," என்றது காதருகே, அதே குரல்.