கதவைத் திறக்க எந்த கீ

கீபோர்டு மறுபடியும் ஈரமாக இருந்தது. காலையில்தான் துடைத்து வெயிலில் காயவைத்து எடுத்திருந்தாள் மலிகா. இப்போது எழுத்துகளின் இடுக்கெல்லாம் உப்பு பூத்து, பழைய வலையை முகர்ந்தாற்போல ஒரு கவிச்சி அடித்தது. பெரியபட்டினத்தில் கடலைப் பார்த்த வீட்டில் எதுதான் உப்புப் பிடிக்காது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, துப்பட்டாவால் துடைத்தாள்.

அது அவள் அண்ணன் வசீம் காக்காவின் கீபோர்டு. படகு கவிழ்ந்து மற்றவர்கள் நீந்திக் கரை சேர, அவன் மட்டும் வரவில்லை. கடலெல்லாம் தேடியும் மையித்துகூடக் கரை ஒதுங்கவில்லை. வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்று உம்மா கொல்லைக் கதவைத் தாழ்போடாமலே வைத்திருந்தாள். நேற்று நாற்பதாம் பாத்திஹா ஓதி முடிந்தது. தாழ்ப்பாளைப் போட உம்மாவுக்குக் கை வரவில்லை, மலிகாதான் போட்டாள். அதன்பிறகுதான் உம்மா தூங்குகிறாள், இந்தச் சாயங்கால வெளிச்சத்திலும், கூடத்தில், அடித்துப்போட்டாற்போல. அந்தத் தூக்கம் கெட்டுவிடக் கூடாது. மலிகாவுக்கு அது ஒன்றுதான் கவலை.

ஹெட்போனில் சவூதி தம்மாமிலிருந்து காஜா நவாஸ், வசீமின் சேக்காளி. இருவரும் ஆன்லைனில் ஆடிய ஆட்டத்தில், ஆளில்லாத் தீவில் கட்டிய குடிசை அப்படியே கிடக்கிறதாம். வசீம் இடத்தில் அவளாவது வந்து ஆட வேண்டுமாம்.

"காக்கா வச்ச கீயெல்லாம் அழிச்சிரு தங்கச்சி. அதுல வேற எவனும் வெளாட முடியாது."

வாஸ்தவம்தான். படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கி இடது கையில் இரண்டு விரல் போனவன், மிச்சமிருந்த மூன்றுக்குத் தோதாக எல்லாவற்றையும் மாற்றி வைத்திருந்தான். நடக்க ஸ்பேஸ் பார். குதிக்க எஃப். கதவு திறக்க வி. மனசே இல்லாமல்தான் அழித்தாள். திரையில் ஒவ்வொரு செயலுக்கும் எதிரே கீயின் பெயர் இருந்த கட்டங்கள் காலியாயின. 'நடக்க' என்பதைத் தொட்டாள். ஒரு கீயை அழுத்தச் சொல்லிக் கட்டம் மினுக்கியது. அவள் விரல் போவதற்குள் ஸ்பேஸ் பார் என்று விழுந்தது.

உப்பு தின்ற சனியன். மறுபடி அழித்தாள். மறுபடி விழுந்தது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எஃப் தானாக அமுங்கியது. மெதுவாக. கனத்த விரல் வைத்தாற்போல. அது மேலே வந்தபோது அதன்மேல் தண்ணீர் நின்றது.

கதவுக்கான கட்டம் மட்டும் இன்னும் காலி. மினுக்கிக்கொண்டே இருந்தது.

கொல்லைப் பக்கம் யாரோ தட்டினார்கள்.

"யாரு தட்டுறா மலிகா?" என்றான் காஜா நவாஸ்.

அவனுக்கும் கேட்டிருக்கிறது. மூன்று தட்டு. காக்கா தட்டுவதும் அப்படித்தான். கூடத்தில் பாய் சரசரத்தது.

"எம்புள்ள வந்துட்டான். தாப்பாள யாரு போட்டது?"

தொறக்காதீங்க உம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். கீபோர்டு வயரைப் பிடுங்கினாள். அதன் விளக்கு அணைந்தது. தட்டுவதும் நின்றது. உம்மா இன்னும் கதவை எட்டவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வி அமுங்கியது.

திரையில் கடைசிக் கட்டம் நிரம்பியது. கொல்லையில் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

மலிகா ஓடினாள். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. நிலைக்கு வெளியே நிற்பது யாரென்று தெரியவில்லை; உள்ளே நீண்டிருந்த இடது கை மட்டும் தெரிந்தது. வெளுத்து. நீர் சொட்ட. உம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

"பாரு மலிகா. காக்காவுக்குக் கை சரியாயிருச்சு."

உம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.