வளையம் தொங்கினால் உள்ளே இருக்கிறார்

பட்டப்பகல் மூன்று மணிக்கு, டாக்டர் பட்டம் வாங்கிய ஒரு பேயைச் சிவப்பு மஃப்ளர் காட்டி நிறுத்தி, பச்சை நோட்டு காட்டி அனுப்பி வைத்த ஒரே ரயில்வேக்காரன் இந்த உலகத்தில் நான்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். முப்பத்து நாலு வருஷம் ஜோலார்பேட்டையில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவன் இந்த ஜம்புநாதன். நான் கை தூக்கினால் மெயில் நிற்கும், எக்ஸ்பிரஸ் நிற்கும். ஒருமுறை புயலே நின்றது.

புயல் நிற்கவில்லை, திசை மாறியது என்பார் பசீர் அகமது.

அவரை இப்போதே சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிர் பிளாக். சொந்த ஊர் ஆம்பூர். மருந்து கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோல் பார்த்து ரிட்டயர் ஆனவர். லேப் ரிப்போர்ட் கொடுத்தால்தான் சூரியன் உதித்ததை ஒத்துக்கொள்வார். நான் வாயைத் திறந்தால் அவர் ஸ்கேலைத் திறப்பார். அன்றைக்கு ஆளுயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது என்று நான் சொன்னால், "அஞ்சு இஞ்ச், ஜம்பு சார்" என்பார். அந்த அஞ்சு இஞ்ச் பனியில் வண்டி ஓட்டி எங்களைக் கூட்டிப் போனவரும் அவர்தான்.

போனது என் மகள் யாமினிக்காக.

யாமினி நல்ல ஐ.டி. வேலையை உதறிவிட்டுத் தத்துவம் படிக்கப் போனவள். விஷயம் குறியியல். சிவப்பு விளக்கு எப்படி 'நில்' ஆகிறது, ஒரு சத்தம் எப்படி வார்த்தை ஆகிறது என்பதைப் பற்றிய படிப்பு. இது ஏதோ நேற்றைய கண்டுபிடிப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அஸ்திவாரம் போட்டது எழுநூறு வருஷத்துக்கு முன்னால் லத்தீனில் சண்டை போட்ட மடத்துச் சாமியார்கள் என்று நிரூபிப்பதுதான் அவள் வேலை. "அடிப்பாவி, அதைத்தானே நான் ஜோலார்பேட்டையில் சம்பளம் வாங்கிக்கொண்டு பண்ணினேன்" என்றேன். முறைத்தாள்.

அவளுடைய பேராசிரியர் ஹாலோவெல் நவம்பரில் இறந்துபோனார். கடைசி அத்தியாயத்துக்கு அவளுக்கு வேண்டிய லத்தீன் பக்கங்களை அவர் கைப்பட நகல் எடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு பச்சை நோட்டில். நோட்டு அவர் வீட்டில் இருந்தது. வீட்டை மறுநாள் காலி செய்து, காகிதத்தையெல்லாம் குப்பை லாரியில் ஏற்றப் போகிறார்கள். திங்கட்கிழமைக்குள் யாமினி ஆராய்ச்சியைக் கொடுக்காவிட்டால் ஆறு வருஷம் வீண். ஸ்டூடண்ட் விசாவும் போய்விடும். அரிசோனாவில் இருக்கிற பேராசிரியருடைய மருமான் போனிலேயே வாசல் சாவிப்பெட்டியைத் திறக்கிற நம்பரைச் சொன்னார்.

கிங்ஸ்டனில் கால்வாய் ஓரமாக, இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவில் அந்தப் பழைய வீடு. மதியம் இரண்டு மணிக்கே வெளிச்சம் கழுவிவிட்ட பால் மாதிரி இருந்தது. வாசல் வரைக்கும் பனியில் ஒரு தடம் கிடையாது.

கதவில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது. பீப்பாயைச் சுற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி.

யாமினி படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"அந்தக் காலத்துல வைன் கடை வாசல்ல இந்த வளையத்தை மாட்டுவாங்கப்பா. வளையம் தொங்கினா உள்ள வைன் இருக்குன்னு அர்த்தம். சாமியாருங்க எல்லாரும் இந்த எக்ஸாம்பிளைத்தான் எழுதுவாங்க. ப்ரொஃபசருக்கு இது ஒரு ஜோக். அவர் வீட்ல இருந்தா வளையத்தை மாட்டுவார். வெளிய போனா கழட்டி உள்ள வச்சிடுவார்."

"சரி."

"அவரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போன அன்னிக்கு நான்தான்ப்பா கழட்டி உள்ள வச்சேன்."

"வீடு விக்கிறவங்க அழகா இருக்கேன்னு மாட்டியிருப்பாங்க. நடங்க, குளுருது" என்றார் பாய். யாமினி வளையத்தைக் கழற்றி, உள்ளே ஷூ அலமாரியின் மேல் வைத்தாள்.

நாங்கள் மூவரும் ஷூவைக் கழற்றினோம். இழவு விழுந்த வீடாக இருந்தாலும் அமெரிக்காவாக இருந்தாலும், நம் ஜனங்கள் வாசலில் ஷூவைக் கழற்றாமல் உள்ளே போவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே பழைய காகித வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

விறகுப் புகை.

கணப்பு அடுப்பு இருட்டாகக் கிடந்தது. பாய் சாம்பலுக்குள் கையை முழங்கை வரை விட்டார். ("விரல் நுனி" என்று திருத்துகிறார்.) ஐஸ் மாதிரி இருந்தது. ஆனால் புகை வாசனை எங்கள் சட்டையில் ஏறிக்கொண்டிருந்தது, யாரோ அப்போதுதான் ஒரு கட்டையைத் தள்ளிவிட்ட மாதிரி.

"சிம்னியில பறவைக் கூடு. ஈரம் பட்டா வாசனை வரும்" என்றார் பாய்.

நான் பாயைச் சந்தேகமாகப் பார்த்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான்தான் எங்கேயோ ஊதுவத்தி கொளுத்தி வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியதாம்.

யாமினி கீழே அலமாரி அலமாரியாகத் தேடினாள். பச்சை நோட்டு இல்லை. மாடிக்குப் போக ஹாலுக்குத் திரும்பினோம்.

மாடிப்படியில் கால் தடங்கள்.

ஈரமான ஷூ தடங்கள். நீளமானவை. இடது காலை லேசாக இழுத்து நடந்தவை. மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வரவில்லை.

"யாரு ஷூ போட்டுட்டு மேல போனது?" என்றார் பாய்.

மூவரும் எங்கள் கால்களைப் பார்த்தோம். மூன்று ஜோடி சாக்ஸ். என்னுடையதில் ஓர் ஓட்டை.

பாய் குனிந்து ஒரு தடத்தைத் தொட்டார். மோந்து பார்த்தார். "தண்ணிதான். கூரை ஒழுகுது." ஆனால் ஒழுகுகிற கூரையைத் தேடி அவர் மேலே பார்க்கவில்லை.

அப்போது மாடியில் யாரோ முனகினார்கள்.

காய்ச்சல்காரன் புரண்டு படுக்கும்போது வருகிற முனகல். ஒரே ஒரு தடவை.

"ஹீட்டர் பைப்" என்றார் பாய், கொஞ்சம் அவசரமாக.

யாமினி என் கையைப் பிடித்தாள். "அப்பா, ஃபர்ஸ்ட் கிளாஸ்ல அவர் போர்டுல எழுதற லிஸ்ட் இது. வளையம்னா வைன். புகைன்னா நெருப்பு. கால் தடம்னா ஆளு. முனகல்னா வலி. அதே ஆர்டர்ல வருது."

"குறி எல்லாம் வருது. குறிக்கிற பொருள்தான் இல்லையேம்மா."

"அதுதாம்ப்பா அவரோட கேள்வியே. ஒரு சக்கரவர்த்தி செத்துட்டார்னு வச்சுக்கோங்க, படம் மட்டும் இருக்கு. அப்ப அந்தப் படம் யாரைக் காட்டுது? லத்தீன்காரங்க இதுக்கு சண்டை போட்டிருக்காங்க. என் லாஸ்ட் சாப்டரே அதுதான்."

"லிஸ்ட்ல அடுத்தது என்ன?"

அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது.

"வார்த்தை."

பாய் படியிலேயே நின்று பைப்பைத் தட்டிப் பார்க்கிறேன் என்றார். பயமில்லையாம், விஞ்ஞானமாம். நானும் யாமினியும் ஏறினோம். ஒவ்வொரு தடத்தையும் தாண்டித் தாண்டிக் கால் வைத்தோம். ஏனோ மிதிக்கத் தோன்றவில்லை.

படிப்பறையில் ஜன்னல் வழியாகப் பனி வெளிச்சம் விழுந்தது. பெரிய மேஜை. தோல் நாற்காலி. மேஜை நடுவில், நேற்று வைத்த மாதிரி, பச்சை நோட்டு.

யாமினி ஓடிப்போய் எடுத்தாள்.

வரவில்லை.

அடியில் ஒட்டியிருக்கிறதோ என்று நானும் பிடித்து இழுத்தேன். பத்து யானை பலத்தோடு இழுத்தேன். அது ஒட்டியிருக்கவில்லை. நான் இழுத்தால் அந்தப் பக்கமும் இழுபட்டது. யாரோ பிடித்திருக்கிற புத்தகம் எப்படி இழுபடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நாற்காலியின் தோல் இருக்கை மெதுவாக அமுங்கியது.

நோட்டு தானாகத் திறந்துகொண்டது. கடைசிப் பக்கம் வெள்ளையாக இருந்தது. பிறகு வெள்ளையாக இல்லை. நீல மையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கசிந்து வந்தன, வேர்வை மாதிரி. மூன்றே மூன்று சொற்கள். தமிழில் சொன்னால், 'படம் யாரைக் காட்டுகிறது?'

"வைவாப்பா, வாய்மொழிப் பரீட்சை" என்றாள் யாமினி. அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு வைவா வைக்காமயே போயிட்டார்ல. இப்ப வைக்கறார்."

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: செத்தவர் திரும்பி வரமாட்டார், ஆனாலும் படம் அவரைத்தான் காட்டுகிறது. காட்டப்படுகிறவர் போய்விடலாம். பார்த்துப் புரிந்துகொள்ள ஒருத்தர் மிச்சம் இருக்கிறவரை குறி சாகாது. "அதனாலதான் நீங்க இங்க இருக்கீங்க, ப்ரொஃபசர். நான் பார்க்கறதால."

அமுங்கியிருந்த தோல் இருக்கை மெதுவாக மேலெழுந்தது.

நோட்டு அவள் கையில் லேசாகிவிட்டது.

அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். தாழ்வாரத்தில் நாலு அடி வைத்திருப்போம். பின்னால் ஒரு பலகை முனகியது. நின்றோம். அதுவும் நின்றது. நடந்தோம். அதுவும் நடந்தது. இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு.

கூடவே வருகிறார்.

முப்பத்து நாலு வருஷப் பழக்கம் சும்மா போகுமா? கழுத்திலிருந்த சிவப்பு மஃப்ளரை உருவி, கையை நீட்டிக் குறுக்கே பிடித்தேன். சிவப்பு என்றால் நில் என்பது மனுஷர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதில் பேய்கள் சேர்த்தியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இவர் நாற்பது வருஷம் நியூ ஜெர்சியில் கார் ஓட்டியவர்.

பலகைச் சத்தம் நின்றது. என் மூக்குக்கு ஓரடி முன்னால் புகை வாசனை.

"ஜம்பு சார், கொசு ஓட்டறீங்களா?" என்றார் பாய் படியிலிருந்து.

யாமினி கையிலிருந்து பச்சை நோட்டை வாங்கி உயர்த்தினேன். படிப்பறைப் பக்கம் கை காட்டினேன். லைன் கிளியர். நீங்கள் புறப்படலாம்.

ஒவ்வொரு பலகையாக, சத்தம் திரும்பிப் போனது.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சோடு, வாய்ப் பழக்கமும் வெளியே வந்துவிட்டது.

"சரி சார், போயிட்டு வாங்க."

யாமினி என் வாயைப் பொத்தினாள். "அப்பா! என்ன சொல்லிட்டீங்க!"

"மரியாதைக்குச் சொன்னேன்."

"அவருக்கு அது தெரியும்ப்பா. நான் அவர் ஆபீஸ்ல இருந்து கிளம்பறப்ப எல்லாம் 'போயிட்டு வரேன்'னு சொல்வேன். மீனிங் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். போறவ எதுக்கு வரேங்கறன்னு கேட்டார். அது எங்க ஊர் வழக்கம்னேன். 'அது உங்க ஊர்க்காரங்க பண்ணிக்கிட்ட ஒப்பந்தம், நான் அதுல கையெழுத்துப் போடலையே. என்னை வான்னு சொன்னா வந்துடுவேன்'னு சிரிச்சார்."

பாய் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சும்மா 'போயிட்டு வாங்க'ன்னா எப்படி சார்? கூப்பிடறதை ஒழுங்காக் கூப்பிடணும்." மாடியைப் பார்த்து, கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில் சொன்னார்: "ப்ரொஃபசர் சார், ஒருநாள் நம்ம வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டம்மா தாஜ் நிஷா ஆம்பூர் பிரியாணி சூப்பரா பண்ணுவா. கட்டாயம் வரணும்."

மேலே ஒரே ஒரு பலகை, சம்மதம் என்கிற மாதிரி, கிரீச் என்றது.

ஷூ மாட்டும்போதுதான் பார்த்தேன். அலமாரியின் மேல் வளையம் இல்லை. பழைய சாமான் மேல் ஆசைப்பட்டுப் பாய்தான் கோட்டுக்குள் செருகிவிட்டார் என்று சந்தேகப்பட்டேன். அவர் என் பையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

யாமினி திங்கட்கிழமை காலையிலேயே ஆராய்ச்சியைக் கொடுத்துவிட்டாள். நான் இந்தக் கதையைக் கிளப் ஹவுஸில், நடைப் பாதையில், இந்திய மளிகைக் கடை வரிசையில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே, எல்லோருக்கும் சொன்னேன். சொல்லி முடித்ததும் எல்லோரும் பாயைத்தான் பார்ப்பார்கள். அவர் ஒரே வார்த்தை சொல்வார், இந்த ஊரில் வீட்டுக் கூரைக்குள் புகுந்து உருட்டுகிற ஒரு பிராணியின் பெயர்.

"ராக்கூன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இரண்டு வாரம் இப்படியே போனது.

மூன்றாவது வாரம் பாய் நடக்க வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே எதிர் பிளாக்குக்குப் போனேன். படியேறும்போதே பிரியாணி வாசனை தூக்கியது.

அதற்கு அடியில் இன்னொரு வாசனை.

விறகுப் புகை. அந்தக் கட்டடத்தில் கணப்பு அடுப்பே கிடையாது.

பாய் வீட்டுக் கதவில் இரும்பு வளையம் தொங்கியது.

மணி அடிக்க எனக்குக் கை வரவில்லை. கதவு தானாக ஒரு விரற்கடை திறந்தது. பாயின் ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"நாலு தடவை கழட்டிட்டேன் சார்" என்று கிசுகிசுத்தார். "ஒருவாட்டி கால்வாய்லயே போய் எறிஞ்சிட்டு வந்தேன். நான் வீடு வர்றதுக்குள்ள தொங்குது."

அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜையில் தாஜ் நிஷா எழுந்து நின்றிருந்தார். மேஜையில் மூன்று தட்டு. ஒரு நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. வாசலிலிருந்து அதுவரைக்கும், கம்பளத்தின் மேல், ஈரமான நீளத் தடங்கள்.

"ராக்கூனா, பாய்?"

பாய் சிரிக்கவில்லை. வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். வளையம் மட்டும் ஒருமுறை ஆடி நின்றது.

"நான்தான் கூப்பிட்டேன். கட்டாயம் வரணும்னு வேற சொன்னேன். இப்ப எப்படி அனுப்பறது சார்? 'போங்க'ன்னா மரியாதையா இல்ல. 'போயிட்டு வாங்க'ன்னா திரும்பி வந்துடறார். மூணு நாளா தாஜும் நானும் யோசிக்கறோம், 'வா' இல்லாம மரியாதையா அனுப்ப நம்ம பாஷையில ஒரு வார்த்தை கிடைக்கல." அவர் என் மஃப்ளரின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "நடந்தது, ஜம்பு சார். புகை, தடம், முனகல், நீங்க சொன்னது அத்தனையும் நடந்தது. பனி ஆளுயரம்னே எழுதிக்குங்க."