இன்னும் கொஞ்சம் சார்ஜ்

படத்தின் மேல் பட்டையை வெட்டப் போனவளின் கை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பட்டையில் இன்றைய தேதி இருந்தது.

வழக்கமாக அதை அவள் பார்ப்பதே இல்லை. கணவன் போனில் எடுத்துத் தரும் ஸ்க்ரீன்ஷாட் எதுவானாலும் உச்சியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெட்டி எறிவதுதான் அவள் வேலை. மணி, தேதி, சிக்னல், பேட்டரி எல்லாம் அந்தப் பட்டையில்தான் வரிசையாக நிற்கும். மொபைல் சந்தேகங்களுக்கும் சொந்தமாக இணையதளம் கட்டுவதற்கும் குறிப்பு எழுதுகிற தளம் அவனுடையது. ஊருக்கெல்லாம் பேட்டரியைக் காப்பாற்ற வழி சொல்லிவிட்டுத் தன் போனை எப்போதும் சிவப்பிலேயே வைத்திருப்பான். ‘முதல்ல ஒரு சார்ஜர் வாங்குங்க பாஸ்’ என்று வாசகர்கள் கமெண்டில் ஓட்டித் தள்ளியதில் மானம் போகிறதென்று அவள் வெட்ட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் ‘கத்திரி’ என்று பெயர். கோபத்திலும் கத்திரிதான், கொஞ்சலிலும் கத்திரிதான்.

அவன் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகிவிட்டன. குளித்துவிட்டு வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தவன், நெஞ்சைத் தடவிக்கொண்டே சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. பெட்டியில் கிடத்தியபோது அந்த வலது கை வெறுமையாக, எதையோ தேடுகிற மாதிரி மடங்கிக் கிடந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. அவன் போனை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். கொழுந்தன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவனும் தடுக்கவில்லை. மூடியை அறைந்தார்கள், மண்ணைப் போட்டார்கள்.

வாசகர்களுக்கு அவள் சொல்லவில்லை. அவன் எழுதி வைத்துவிட்டுப் போன ட்ராஃப்டுகள் கொஞ்சம் இருந்தன. வாரத்துக்கு ஒன்றாகத் திருத்தி, படம் வெட்டி, வெளியிட்டாள். கமெண்டுகளுக்கு அவனைப் போலவே அசட்டு ஜோக்கடித்துப் பதில் போட்டாள். சர்வரைப் பார்த்துக்கொள்கிற கொழுந்தன், நாலு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் அண்ணி என்று வந்தபோதெல்லாம் சொல்வான். இருக்கிற ட்ராஃப்டெல்லாம் தீரட்டும் தம்பி என்று அவள் தட்டிக் கழிப்பாள். எங்கேயோ முகம் தெரியாத நாலு பேருக்கு அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த சந்தோஷம்.

ஆனால் ட்ராஃப்டுகள் தீரவில்லை. தான்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணெதிரே இருந்த கட்டுரையின் தலைப்பு, ‘சிக்னல் கிடைக்காத இடத்தில் போனை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம்?’ படத்தின் உச்சியில் இன்றைய தேதி. சிக்னல் இல்லை. பேட்டரி பத்தொன்பது.

வெளியே மப்பு போட்டிருந்தது. அறைக்குள் ஃப்ரிட்ஜின் முனகல் மட்டும், ஓடுவதும் நிற்பதுமாகக் கேட்டது. மடிக்கணினியின் பக்கவாட்டிலிருந்து வந்த வெப்பக் காற்றில் எப்போதும் தூசி வாடைதான் அடிக்கும். அன்று அதில் தோண்டிப் போட்ட மண்ணின் வாசனை கலந்திருந்தது, ஈரமான, பழைய, மூக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிற வாசனை. அவள் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

கொழுந்தன் அடித்துப் பிடித்து ஓடி வந்தான். பார்த்தான். எவனோ பாஸ்வேர்டைத் திருடி விளையாடுகிறான், கையில் கிடைத்தால் எலும்பை எண்ணிவிடுவேன் என்றான். பாஸ்வேர்டுகளை மாற்றினான். அண்ணனின் கணக்கையே தளத்திலிருந்து மொத்தமாக நீக்கினான். அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தபோது அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நிம்மதி வரவில்லை. இன்னொரு தடவை குழிக்குள் இறக்கிய மாதிரிதான் இருந்தது.

மறுநாள் புதிய ட்ராஃப்ட் வந்திருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

‘இருட்டில் கண் கூசாமல் திரையைப் பார்ப்பது எப்படி?’ என்று தலைப்பு. கீழே அவன் நடை, அவன் கோணங்கித்தனம், அவன் எப்போதும் போடுகிற இரட்டை ஆச்சரியக்குறி. ‘நண்பர்களே, எங்கள் ஏரியாவில் கரண்ட் போய் ரொம்ப நேரமாகிறது!! மின்சார வாரியத்துக்கு என் அன்பான வசவுகள். கத்திரியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அடுப்படியில் இருக்கிறாள் போல, காதில் விழவில்லை. சரி, அவள் வருவதற்குள் உங்களுக்கு ஒரு குறிப்பு…’

பேட்டரி பதினான்கு.

அவளுக்கு அழுகையாக வந்தது. பயமும் இருந்தது. இரண்டில் எது முன்னால் வந்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. எழுந்து அடுப்படிக்குப் போய் நின்றாள். பைத்தியக்காரத்தனம்தான், ஆனாலும் காதைக் கொடுத்துக் கேட்டாள். குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீர், ஜன்னலுக்கு அப்பால் யாரோ வண்டியை உதைக்கிற சத்தம், அடுத்த வீட்டு மிக்சி. அவன் கூப்பிடுகிற குரல் இல்லை.

அடுத்து வந்தது, ‘கையை நீட்ட இடமில்லாதபோது ஒற்றைக் கட்டை விரலால் போனை இயக்குவது எப்படி?’ அதில் எழுதியிருந்தான்: ‘சுவரோரமாகப் படுத்துவிட்டேன் போலிருக்கிறது. இந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தூக்கக் கலக்கம் இன்னும் தெளியவில்லை, திட்டாதீர்கள்!!’

பேட்டரி ஒன்பது.

அவள் எதையும் வெளியிடவில்லை. மேல் பட்டைகளையும் வெட்டவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து அந்தச் சின்ன எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் தனியாகக் கிடக்கிற மனுஷன் கூப்பிடுகிறான், பெண்டாட்டி வரவில்லை. அவன் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அவளுடைய நெஞ்சைப் பிசைந்தது அதுதான்.

ட்ராஃப்டின் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் உண்டு. அவர்களுடைய சண்டைகளில் பாதி அங்கேதான் நடக்கும். இந்த வாக்கியம் வால் மாதிரி நீளுகிறது என்று அவள் எழுதுவாள், வால் இருந்தால்தான் குரங்கு என்று அவன் பதில் போடுவான். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்கில் எழுதிக்கொள்வார்கள். அந்தக் கட்டத்தில் அவள் எழுதினாள்.

‘என்னங்க, எங்க இருக்கீங்க?’

திரை சும்மா இருந்தது. ஃப்ரிட்ஜ் ஓடி, நின்றது. மண் வாசனை கூடிக்கொண்டே வந்தது. பிறகு கட்டத்துக்குள் ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால் அடிக்கிற வேகத்தில், பதில் வந்தது.

‘இது என்ன கேள்வி கத்திரி. வீட்லதான். நீ எங்க போன?’

கொழுந்தன் அதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். திருடன், பாஸ்வேர்டு என்ற பேச்சையெல்லாம் அதற்கப்புறம் அவன் எடுக்கவில்லை. ட்ராஃப்டுகளை முதலிலிருந்து, அன்று காலையில் வந்திருந்த பேட்டரி மூன்று வரைக்கும், ஒவ்வொன்றாகப் படித்தான். முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அண்ணி, அண்ணனுக்குத் தெரியல.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“செத்துட்டோம்னு அண்ணனுக்குத் தெரியல. கரண்ட் போயிருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு.”

அது அவளுக்கும் முன்பே புரிந்திருந்தது. புரிந்ததை ஒரு மூலையில் தள்ளி வைத்திருந்தாள்.

“இன்னும் மூணுதான் இருக்கு. தானா அணைஞ்சிடும். தூங்கிட்ட மாதிரி போயிடுவாரு, ஒண்ணும் தெரியாமலே. நீங்க எதுவும் எழுதாதீங்க, எதுவும் பண்ணாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

சரி என்றாள். அவன் விடவில்லை, தன் தலையில் அவள் கையை வைத்துச் சத்தியம் வாங்கினான். அவளும் மனதாரத்தான் செய்து கொடுத்தாள். அவன் சொல்வது நியாயம் என்று அவளுக்கும் தெரியும். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும். அவன் வாசலைத் தாண்டிப் போன பிறகு அவள் மடிக்கணினியை மூடி, மேலே ஒரு தலையணையை வைத்து, அறையைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை. மறுநாள் சாயங்காலமே திறந்து பார்த்தாள்.

‘ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு சார்ஜ் ஏற்றுவது எப்படி?’

தலைப்பு மட்டும்தான் வழக்கம் போல இருந்தது. குறிப்பு இல்லை, ஜோக் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ஒரே ஒரு வரி.

‘கத்திரி, உன் போனைக் கொஞ்சம் கொடேன்.’

பேட்டரி ஒன்று.

அவள் போனும் அதே மாதிரிதான். ஒரே நாளில் வாங்கிய ஜோடி. முதுகோடு முதுகு ஒட்டி வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு சார்ஜ் ஏறும். அவனுடையது உயிரை விடப்போகிற நேரமெல்லாம் இப்படித்தான் கேட்பான், அவளும் திட்டிக்கொண்டே கொடுப்பாள். ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. இப்போது மட்டும் எப்படிச் சொல்வாள்? சத்தியம் செய்த கையாலேயே போனை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டக்கூட இல்லாமல் ஓடினாள்.

இடுகாட்டுக் காவல்காரர் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் வழிவிட்டார், சீக்கிரம் வந்துடும்மா என்று மட்டும் சொன்னார். பொழுது சாய்ந்து வானத்தில் பழுப்பு மட்டும் மிச்சமிருந்தது. முதல் மழையில் அமுங்கி, அப்புறம் வெயிலில் காய்ந்த மேடு, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போனின் உறையைக் கழற்றினாள். நடுவில் தடித்த அட்டை இருந்தாலே ஏறாது, இது ஆறடி மண், இது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். போனை மல்லாத்தி மண்ணில் வைத்து அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எறும்பு ஒன்று திரையின் மேல் ஏறி இறங்கிப் போனது.

பிறகு போன் ஒரு தரம் அதிர்ந்தது. ‘சார்ஜ் பகிரப்படுகிறது.’

அவள் வாய்விட்டு அழுதாள். கண்ணீரும் சிரிப்புமாக, இதோ வருதுங்க, இதோ வருது என்று மண்ணிடம் சொன்னாள். எண் இறங்கியது. எண்பது. அறுபது. எந்தப் போனும் இந்த வேகத்தில் இறங்காது. உள்ளங்கைக்குக் கீழே கண்ணாடி சுட்டது. அப்புறம் ஜில்லிட்டது. முப்பது. எட்டு. மரங்களில் பறவைச் சத்தம் அடங்கியிருந்தது. எப்போது அடங்கியது என்று தெரியவில்லை.

திரை அணைந்தது.

இருட்டு. அவள் மூச்சு மட்டும் கேட்டது.

மண்ணின் வெடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

நிலாவாக்கும் என்று அண்ணாந்து பார்த்தாள். நிலா இல்லை. குனிந்தாள். வெடிப்புகள் எல்லாவற்றிலும் வெளிச்சம். கீழேயிருந்து வருகிற வெளிச்சம். அவன் போனின் டார்ச். அந்தப் போனில் சார்ஜ் குறைந்தால் டார்ச் எரியாது. இவ்வளவு நாளும் எரிந்திருக்காது. திரையை மங்கலாக வைத்துக்கொண்டு, இருக்கிற துளியில் எழுதிக்கொண்டிருந்தான்.

இப்போது எரிகிறது.

வெளிச்சம் அசைந்தது. இடது பக்கம் போனது. நின்றது. வலது பக்கம் வந்தது. நின்றது. நிதானமாக, அறையில் சாவியைத் தேடுகிறவன் மாதிரி, மேலே ஏறியது. மூடி இருக்கிற இடத்தில் நின்றது. அங்கேயே நின்றது.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அணைச்சிடுங்க.” மண்ணோடு வாயை வைத்துச் சொன்னாள். “பார்க்காதீங்க. என்னங்க, பார்க்காதீங்க. அணைச்சிடுங்க.”

வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கியது. அவன் கை இருக்கும் இடத்துக்கு. தன் கையைப் பார்க்கிறான்.

வெளிச்சம் நடுங்க ஆரம்பித்தது. வெடிப்புக்கு வெடிப்பு அந்த வெள்ளைக் கோடுகள் துடித்தன. முதலில் ஒரு தட்டல். பிறகு இன்னொன்று. பிறகு தட்டல் இல்லை, பிறாண்டல். அதற்குள்ளிருந்து குரல் வந்தது. கத்திரி என்று கூப்பிடவில்லை. அந்தப் பட்டப்பெயர் வைத்ததிலிருந்து ஒருநாளும் கூப்பிடாத அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினான். அப்புறம் பெயரும் இல்லை. வெறும் கத்தல்.

அவள் கைகளால் வெடிப்புகளைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்தது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். வேறு இடத்தில் வெடித்துக்கொண்டு வந்தது. மேட்டின் மேல் குப்புற விழுந்து, உடம்பாலேயே மூடினாள். வயிற்றுக்கடியில், கழுத்துக்கடியில், கன்னத்துக்கடியில் அந்த வெள்ளை வெளிச்சம் துடித்துக்கொண்டே இருந்தது. அவள் கொடுத்த சார்ஜ் முழுதாக அவனிடம் இருந்தது.