டோக்கன் வளையம்

தண்டவாளத்தில் துருவைக் காணவில்லை. இந்தப் பாதையில் ரயில் நின்றுபோய்ப் பல வருடமாகிறது. பார்வையாளர்களுக்காக விட்டுவைத்த அந்தத் துண்டு இரும்பு இன்று தேய்த்துக் கழுவியதுபோல் பளபளத்தது.

மழை பிடித்துக்கொண்ட மாலை. புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தைச் சுற்றிக்காட்டும் தன்னார்வ வேலை முடிந்து, வருகிறவர்களுக்குச் செய்துகாட்டும் பிரம்பு வளையத்துடன் இளமதி கணவருக்காகக் காத்திருந்தாள். வளையத்தில் தொங்கும் தோல்பைக்குள் டோக்கன். ஒற்றைப் பாதை, டோக்கன் கைக்கு வராமல் எந்த ஓட்டுநரும் அடுத்த பகுதிக்குள் போகக்கூடாது. நிலையத்தில் நிற்பவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்தால் வழி கொடுத்தாயிற்று என்று அர்த்தம்; ஓட்டுநர் ஓடும் ரயிலிலிருந்தே அதைப் பறித்துக்கொள்வார். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துவிட்டது. வீட்டில் இருக்க முடியாமல்தான் இந்த வேலைக்கே வந்தாள். ஆறு வயது மகள் ரக்ஷனா காய்ச்சலில் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் என்ன இருக்கிறது?

போன் அடித்தது. பிரபாகர். குவீன்ஸ்டவுனிலிருந்து, இப்போது நடைபாதையாகிவிட்ட பழைய ரயில் பாதையிலேயே நடந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? டாக்சி எடுத்திருக்கலாம்லா."

"பக்கத்துலதான் இளா. நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது, உக்காந்துட்டேன்." மூச்சு வாங்கியது. "பின்னால ஏதோ வெளிச்சம். சைக்கிளா இருக்கும்."

"அசையாதீங்க, நான் வரேன்."

"இளா, நம்ம பாப்பா குரல் கேக்குது."

அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான்.

ஐயோ என்று ஓடினாள். ஈரக் காற்றில் டீசல் வாடை, முதலில் லேசாக, பிறகு தொண்டையைக் கமறவைக்கும் அளவுக்கு ஏறியது. செருப்புக்கடியில் சரளைக்கல் நடுங்கியது. நிலையத்தை அடுத்த இரும்புப் பாலம் அதிர, அவர் இருந்த திசையிலிருந்து மரங்களுக்கு நடுவே மஞ்சள் விளக்கு ஒன்று வந்தது.

ரயில்.

அவர் பாதையில்தானே உட்கார்ந்திருந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!"

கையை உயர்த்தி ஆட்டினாள். அந்தக் கையில் வளையம் இருந்தது.

என்ஜின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. கை மட்டும். அவள் விரலைச் சிராய்த்துக்கொண்டு வளையம் போயிற்று.

வழி கொடுத்துவிட்டாள்.

"ஐயோ, வேண்டாம்! அதத் திருப்பிக் குடுங்க!"

பெட்டிகள் கடந்தன. இருட்டு. காலி. கடைசிப் பெட்டியில் வெளிச்சம். பிரபாகர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியில் அறைந்து கத்திக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. அவர் கழுத்தை ஒரு கையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரக்ஷனா மறு கையால் அம்மாவுக்கு டாட்டா காட்டினாள்.