புறங்கை

கொத்தனார் ஜாபிர் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்துவிட்டான். வண்டியில் கட்டியிருந்த சாந்துச்சட்டியை அவிழ்த்து வாசலில் வைத்தான். மேற்கே மலை தெரியவில்லை. மேகம் இறங்கியிருந்தது.

"பாத்ரூம் எங்கக்கா?"

வெங்கடேஸ்வரி காட்டினாள். பின்கட்டில் கடைசி. ராஜபாளையத்துப் பழைய வீடு அது. குடிவைத்துவிட்டுக் கணவன் ராணுவத்துக்குத் திரும்பிவிட்டான். வந்த மாதமே மகள் யுவராணிக்கு இளைப்பு கண்டது. நான்கு வயதுக் குழந்தை உட்கார்ந்தே தூங்கியது. சுவர் ஈரம்தான் காரணம், அது போகாவிட்டால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போக வேறு வீடு இல்லை.

சுவரில் வால்பேப்பர் ஒட்டியிருந்தது. பளிங்குக்கல் போல அச்சடித்தது. ஜாபிர் கொத்துக்கரண்டி முனையை விட்டு உரித்தான். அடியில் இன்னொரு தாள், மீன் படம் போட்டது. அதற்கும் அடியில் பூப்போட்டது.

"குடியிருந்தவுக எல்லாரும் ஒட்டிக்கிட்டே போயிருக்காக. சொவத்துக்குச் சட்டைமேல சட்டை" என்று சிரித்தான்.

கடைசித் தாள் உரிந்து விழுந்தபோது சிரிப்பு நின்றது.

பூச்சில் கறுப்பாக ஈரம். மேலே வட்டமாக, கீழே அகன்று. சுவரில் சாய்ந்து ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் தலையும் முதுகும் படும் இடம்.

ஜாபிர் உளியை எடுத்தான்.

அவன் பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்தான். அந்தச் சுவருக்குள் குழாய் எதுவும் இல்லை. ஆனாலும் மாடித்தொட்டி வால்வை அடைத்தான். செங்கல்லைக் காயவிட்டு, ஒழுக்கு நிற்க மருந்து கலந்து புதிதாகப் பூசினான்.

"நாளைலேருந்து பூச்சுக்குத் தண்ணி விடுங்கக்கா. இல்லைன்னா வெடிச்சிரும்."

மறுநாள் அவள் வாளியோடு போனாள்.

பூச்சு நனைந்திருந்தது. தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாபிர் வந்து தொட்டுப் பார்த்தான். "நல்லா விட்ருக்கீங்க."

"நான் இன்னும் விடலையே தம்பி."

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பிறகு அவள் ஒருநாளும் தண்ணீர் விடவில்லை. ஒருநாளும் அது நனையாமல் இல்லை. மற்ற இடமெல்லாம் வெளுத்துவிட்டது. அந்த உருவம் மட்டும் புதுப்பூச்சிலும் கறுத்து வந்தது. யுவராணியின் மூச்சு வாசல்வரை கேட்டது.

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய்தான் சொன்னாள்.

"இந்த வீட்டுல முன்ன பரிபூரணம்னு ஒருத்தி ஒத்தையில இருந்தா. குளிக்கப் போனவ, சொவத்துல சாஞ்சமேனிக்கே போயிட்டா. எம்புட்டு நாள் கழிச்சுப் பாத்தாகளோ. ஆஸ்பத்திரியிலருந்து பொட்டலமாக் கட்டி வந்துச்சு. பொணத்தக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கல. எண்ணெ, சீயக்கா வைக்கச் சொந்தம்னு ஒரு நாதி இல்ல. குளிப்பாட்டாமலே கொண்டு போயிட்டாக."

"நான் வைக்கட்டுமா மதினி?"

"கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? சொவத்துக்கா?"

ஜாபிர் தலையைக் குனிந்தபடி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "எங்கள்லயும் மய்யத்தக் குளிப்பாட்டாம அடக்க மாட்டாகக்கா" என்றான். "வச்சிருங்க."

முற்பகலில் அவள் தனியாக உள்ளே போனாள். ஈர உருவத்தின் உச்சியில் எண்ணெய் வைத்தாள். சீயக்காய் தேய்த்தாள். நுரை போகும்வரை செம்பு செம்பாக ஊற்றினாள்.

"போயிரு தாயி. எம்பிள்ளைய விட்ரு."

பிற்பகலில் சுவர் காய்ந்திருந்தது.

சுத்தமாக. ஓரத்தில்கூடக் கறுப்பு இல்லை. ஜாபிர் தட்டிப் பார்த்துவிட்டு, "கணீர்னு கேக்குதுக்கா!" என்று கத்தினான். பெரிய வேலை முடிந்தவனைப் போலச் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். யுவராணி கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். மூச்சில் சத்தம் இல்லை. வெங்கடேஸ்வரி கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வெள்ளைத்தாய் பார்க்க வந்தாள். சுவரைத் தடவினாள்.

"நெனச்சத முடிச்சிட்டியே. புறங்கையாலதான வச்ச?"

வெங்கடேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, செத்தவுகளுக்குப் புறங்கையாலதான் எண்ணெ வைக்கணும். உள்ளங்கை உசுரோட இருக்கவுகளுக்கு. அதுல வச்சா அவ எப்படிப் போவா?"

எதால் வைத்தோம் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைக்கு வைக்கிற கை. உள்ளங்கை நிறைய ஊற்றி, உச்சியில் பொத்தி, சூடு பறக்கத் தேய்த்திருந்தாள்.

"சொவரு காஞ்சிருச்சே மதினி."

"காஞ்சது சரி" என்றாள் வெள்ளைத்தாய். குரல் இறங்கியிருந்தது. "ஈரம் எங்க போச்சு?"

வெங்கடேஸ்வரி அறைக்குள் ஓடினாள்.

குழந்தை அசையாமல் படுத்திருந்தது. அதன் நெஞ்சில் காதை வைத்தாள்.

இளைப்பு இல்லை.

உள்ளே, வெகு ஆழத்தில், யாரோ தண்ணீர் மோந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நிதானமாக. அவசரமே இல்லாமல்.

யுவராணி தூக்கத்திலேயே முகத்தை நிமிர்த்தினாள். தலையில் தண்ணீர் விழப்போகும்போது குழந்தைகள் செய்வதுபோலக் கண்ணை இறுக்கி மூடி, மூச்சை அடக்கினாள்.

"யுவா. மூச்ச விடு தாயி."

விடவில்லை.

"விடு தாயி."

உள்ளே அடுத்த செம்பு மோக்கும் சத்தம் கேட்டது.