மூடியை மட்டும் ஒட்டாதே

ஒட்டி முடித்துக் கைகழுவிவிட்டு வருவதற்குள் கண்ணாடி மூடியின் உள்பக்கம் வெளுத்திருந்தது.

அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். உள்ளங்கையில் உட்காருகிற சின்ன விமானம். பழைய போரில் கப்பல் தளத்திலிருந்து எழும்பிப் போய்ச் சண்டை போட்ட, ஒரே ஆள் உட்காரக்கூடிய கடற்படை விமானத்தின் பிளாஸ்டிக் மாடல். விமானி உட்காரும் குழிக்கு மேலே மாட்டுகிற அந்த மூடி விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். காலையில்கூடத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. இப்போது உள்ளே பனி பிடித்திருந்தது.

"சனியன்," என்று தன்னையே திட்டிக்கொண்டான். காரணம் அவனுக்குத் தெரியாதா என்ன? மாடல் கட்டுகிற எவனும் முதல் வருடத்திலேயே செய்து, பட்டு, திருந்துகிற தப்பு இது. கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசைதான் வைக்க வேண்டும். அது மெதுவாகக் காயும், காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு நொடியில் பிடிக்கிற சூப்பர் குளூவை வைத்தால் அதிலிருந்து எழும் ஆவி போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றி, கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அவனோ பல்செட் கட்டுகிறவன். மெழுகும் பிசினும் சின்னச் சின்ன ரம்பமுமாக ஆயுசில் பாதியைக் கழித்த கை. அந்தக் கைக்கு இன்றைக்கு என்ன கேடு வந்தது?

அவசரம்தான் கேடு. அண்ணனுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன அண்ணி திரும்புவதற்குள் முடித்தாக வேண்டும். அதைவிட முக்கியம், ஒட்டாதே என்று அண்ணன் சொன்ன இடத்தை, அண்ணன் உயிரோடு இருக்கும்போதே ஒட்டியாக வேண்டும்.

தலை நரைத்த பிறகும் இந்த வீட்டில் அவன் பெயர் தம்பிதான். இந்த மாடல் பெட்டி சிறுவயதில் அண்ணனுக்கு வந்தது. அண்ணன் அதைக் கட்டவும் இல்லை, தம்பியைத் தொடவிடவும் இல்லை. வைக்கோற்போர் நாய் என்பார்களே, தானும் தின்னாது மாட்டையும் தின்னவிடாது, அந்த ரகம். ஒருநாள் ஆசை தாளாமல் இவன் பெட்டியைத் திறந்துவிட்டான். அண்ணன் வந்தான், இவன் கையைப் பிடித்துக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். அப்பா கேட்டபோது கதவு தானாக மூடிக்கொண்டது என்று கண்ணிமைக்காமல் சொன்னான். நகம் போய் நகம் முளைத்துவிட்டது. கோபம் போகவில்லை.

இப்போது அண்ணனுக்கு நுரையீரல் போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் தயவில் பக்கத்து அறையில் கிடக்கிறான். அண்ணிக்கு ஒத்தாசையாக இருக்கலாமென்று வந்த இடத்தில், போர்வை தேடி அலமாரியைக் குடைந்தபோது பெட்டி அகப்பட்டது. அதைக் கொண்டுபோய் அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதைக் கட்டட்டுமா? இனிமே உனக்கு எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டதன் விஷம் அண்ணனுக்குப் புரியாமலில்லை. மூக்கில் செருகியிருந்த குழாயை விலக்கிவிட்டு ரொம்ப நேரம் பெட்டியையே பார்த்தான்.

"கட்டிக்கோடா. மூடியை மட்டும் ஒட்டாதே."

"ஏன்?"

"சொன்னா கேளு. ஒட்டாதே."

சாகக் கிடக்கும்போதும் ஓர் உத்தரவு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

கட்டுவதும் லேசாக இல்லை. பழைய பிளாஸ்டிக், தொட்டால் நொறுங்கியது. விமானத்தின் உடம்பு முழுக்க வேர்க்குரு மாதிரி ஆணித்தலைகள். வலது பாதியும் இடது பாதியும் ஒன்றோடொன்று பொருந்த மாட்டேன் என்று அடம்பிடித்தன. பட்டி வைத்து, காயவிட்டு, உப்புக்காகிதத்தால் தேய்த்துத்தான் சேர்த்தான். மடிகிற சிறகுகள் ஒருபக்கம் மடிந்தன, மறுபக்கம் மடியவில்லை. உள்ளே உட்கார ஒரு வெறும் பலகைதான், விமானி பொம்மைகூடக் கிடையாது. வயிற்றில் ஒரு நீள ஓட்டை, தாங்கியில் செருகி நிறுத்துவதற்கு. தினமும் ஒவ்வொரு பாகத்தை ஒட்டும்போதும் பக்கத்து அறையிலிருந்து அண்ணனின் இருமல் கேட்கும், இவன் மனசுக்குள், இரு, இரு, வருகிறேன் என்று சொல்லிக்கொள்வான்.

இன்று மத்தியானம் அண்ணி கிளம்பும்போது வாசலில் நின்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னாள்.

"தம்பி, அவர் மூச்சு உங்க பொறுப்பு. திணறினா தலையணையை உயர்த்தி வைங்க. மெஷினை மட்டும் யாரும் தொடக்கூடாது."

"நான் பாத்துக்கறேன் அண்ணி. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

தூசி ஆகாதென்று வீட்டின் ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். பினாயில் வாடை, தைல வாடை, அதற்கு மேலே இவன் பசையின் காரமான வாடை, எல்லாம் வெளியே போகமுடியாமல் கூடத்திலேயே தங்கியிருந்தன. பக்கத்து அறையில் மெஷின் உறுமி, நிறுத்தி, புஸ்ஸென்று விட்டது. திரைச்சீலையைத் தாண்டி வந்த வெயில் மேசை மேல் பழுப்பாக விழுந்திருந்தது.

அவன் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்த விளக்கை இழுத்து விமானத்தின் மேலே நிறுத்தினான். தேய்த்தால் போகுமா பார்க்கலாம் என்றுதான்.

பனி விலகிக்கொண்டிருந்தது.

விளிம்பிலிருந்து மெல்லச் சுருங்கி நடுவில் ஒரு திட்டாக நின்றது. பிறகு மறுபடி பரவி மூடியை அடைத்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். பசையின் ஆவி படிந்தால் படிந்ததுதான். அது போவதுமில்லை, வருவதுமில்லை. இதுவோ போய் வந்துகொண்டிருந்தது. சுருங்கியது. பரவியது. குளிர்காலத்தில் ஜன்னலருகே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும் ஆள் மூச்சு விடுவது போல.

விளக்குச் சூடு என்று முணுமுணுத்தான். விளக்கை அணைத்தான். வெறும் கண்ணுக்கும் தெரிந்தது. அப்போதுதான் காது வேலை செய்தது. பக்கத்து அறையில் அண்ணன் இழுத்தான், பனி சுருங்கியது. அண்ணன் விட்டான், பனி பரவியது.

அவன் மறுபடி விளக்கைப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெள்ளையில் புள்ளிகள் இருந்தன. எள்ளைவிடச் சின்னவை. நாலு புள்ளி ஒரு வரிசையாக, சற்றுத் தள்ளிக் கீழே ஒன்று. பக்கத்தில் இன்னொரு ஐந்து.

தொட்ட இடத்தில் விரலின் எண்ணெய்ப்பசை ஒட்டியிருக்கும், அதில் இந்த ஆவி படிந்து ரேகையைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனால் மூடியை அவன் விரலால் தொடவே இல்லையே. இடுக்கியால்தான் பிடித்தான். தொட்டாலும் அவன் விரல் இந்த அளவா?

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஐந்து விழுந்தன. உள்பக்கத்தில்.

நாற்காலி பின்னால் நகர, விமானத்தைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். அவனறியாமல் கட்டைவிரல் வயிற்று ஓட்டையை அடைத்துக்கொண்டது. அதே நொடியில் பக்கத்து அறைக் கட்டில் கிறீச்சிட்டது. மெஷின் உறுமியது, ஆனால் மூச்சுச் சத்தம் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாகத் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டாற்போல ஒரு சத்தம்.

அண்ணன் வில்லாக வளைந்து கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. இவன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கட்டிலருகே போனான்.

"என்னண்ணா? தலையணையை உயர்த்தட்டுமா?"

அண்ணன் கண் மட்டும் அசைந்தது. வாயிலிருந்து காற்று வராமலே வார்த்தை வந்தது.

"ஓட்டையிலேர்ந்து... கையை எடு."

விரல் தானாக விலகியது. அண்ணன் மூச்சை இழுத்த இழுப்பில் விலாவெலும்பு ஒவ்வொன்றும் எழுந்து தணிந்தது. கூரையைப் பார்த்தபடி கேட்டான்.

"ஒட்டிட்டியா?"

"இல்லையே."

"பொய் சொல்லாதே. திறடா. உடைச்சுத் திற."

அப்போதே உடைத்திருக்கலாம். உடைத்திருக்க வேண்டும். பயம் அவனுக்கு இல்லாமலில்லை. ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, சொல்லவே கூசுகிறது, அது சந்தோஷம். வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணன் அவனிடம் ஒன்றைக் கேட்கிறான். அவனிடம் இருக்கிறது. கொடுக்கலாம். கொடுக்காமலும் இருக்கலாம்.

கட்டைவிரலை மறுபடி ஓட்டையில் வைத்தான். லேசாகத்தான். அண்ணன் கண் பிதுங்கியது. எடுத்தான். அண்ணன் இழுத்தான்.

"அன்னிக்கு ஏன் என் கையை நசுக்கினே?"

அண்ணன் கூரையைப் பார்த்தபடி மூச்சு வாங்கினான்.

"கேக்கறேன்ல? ஒத்துக்கோ. ஒரே ஒரு தடவை ஒத்துக்கோ, இப்பவே உடைச்சிடறேன்."

அண்ணன் தலையைத் திருப்பி அவனை நேராகப் பார்த்தான். இரண்டு பேர் கண்ணிலும் ஈரம் இல்லை.

"கதவு," என்றான் அண்ணன், "தானா மூடிச்சுடா."

அவன் திரும்பி நடந்தான். அவசரப்படவில்லை. மேசைக்கு வந்து உட்கார்ந்தான். தன் கருவிப்பெட்டியைத் திறந்து, பல்செட்டுக்கு வைக்கும் இளஞ்சிவப்பு மெழுகில் ஒரு துண்டு கிள்ளி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி, விரலால் உருட்டி, விமானத்தின் வயிற்று ஓட்டையில் வைத்து அழுத்தினான். சின்னக் கரண்டியால் விளிம்பைச் சமமாக வழித்துவிட்டான். சுத்தமான வேலை. ஓட்டை இருந்த தடமே தெரியவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது.

குதிகால் மெத்தையில் தேய்ந்தது. நகங்கள் சுவரைப் பறண்டின. மெஷின் மட்டும் யாருக்கோ காற்று தந்துகொண்டிருந்தது. உறுமல். புஸ். உறுமல். புஸ்.

அவன் காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய காதுக்குள் வேறொரு சத்தம் வந்தது. மேசையிலிருந்து. மிகச் சின்னது. தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி.

டிக். டிக்டிக். டிக்டிக்டிக்.

பார்க்காதே என்று நினைத்தான். பார்த்தான். மூடி முழுக்க வெள்ளை. வெள்ளை முழுக்கப் புள்ளிகள். ஐந்தைந்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மேலே, பக்கவாட்டில், முன்னால். பிறகு புள்ளிகள் இழுபட்டுக் கோடாயின. கீழ்நோக்கி வழுக்கின.

பிறகு எதுவும் இல்லை.

அந்த அறையிலும் மெஷினைத் தவிர எதுவும் இல்லை.

"ஐயோ," என்றான். அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. "ஐயோ, வேணாம். அண்ணா, வேணாம்." கத்தியை எடுத்தான். மெழுகைத் தோண்டினான். போதாது. மூடியின் விளிம்பில் கத்தியைச் செருகி நெம்பினான். சூப்பர் குளூ லேசில் விடுமா? கத்தி நழுவி உள்ளங்கையில் ஏறியது. ரத்தத்தோடு நெம்பினான். மூடி படீரென்று இரண்டாக உடைந்து தெறித்தது.

உள்ளே வெறும் பலகை. காய்ந்து கிடந்தது. யாரும் இல்லை.

ஓடினான். நாற்காலி விழுந்தது. கதவில் தோள் இடித்தது.

அண்ணன் மல்லாந்து கிடந்தான். வாய் திறந்திருந்தது. கை சுவரோரம் தொங்கியது. மார்பு அசையவில்லை. உறுமல். புஸ்.

"அண்ணா."

குனிந்தான். அண்ணனின் கண்கள் திறந்திருந்தன. கருவிழி தெரியவில்லை. இரண்டிலும் பால் ஊற்றினாற்போல வெள்ளை. உள்பக்கமாகப் படிந்த வெள்ளை.

இன்னும் குனிந்தான்.

வெள்ளையில் ஒரு புள்ளி விழுந்தது. நாலு புள்ளி. கீழே ஒன்று. ஐந்தும் சேர்ந்து ஒருபக்கமாக இழுத்தன. துடைத்தன. துடைத்த இடுக்கு வழியாக, உள்ளே, ஏதோ அருகில் வந்தது. நின்றது. அவனைப் பார்த்தது.

வாசலில் பூட்டுக்குள் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றும் சத்தம். கைப்பையை வைக்கும் சத்தம்.

"தம்பி?" அண்ணி கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "இருமல் சத்தமே கேக்கலையே. அவர் தூங்கறாரா?"

அவன் இரண்டு விரல்களை நீட்டினான். அண்ணனின் இமைகளை இழுத்து மூடினான். மூடி, அழுத்திக்கொண்டான்.

"ஆமா அண்ணி," என்றான். "தூங்கறார்."

இமைகளுக்கு அடியிலிருந்து யாரோ அவன் விரல்களைத் தட்டினார்கள். இரண்டு கண்ணிலிருந்தும். விடாமல்.